பரண் மேல் ஒரு வாராக்கடன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று பாடம் எடுக்கிற பதிவு இது இல்லை. அதற்கு எனக்கு அருகதை கிடையாது என்று சாட்சி சொல்ல எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். எதை ஒழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதில் பதினெட்டு வருஷமாக நான் செய்துவந்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போய்க் குடித்தனம் நடத்துகிறவர்களில் இன்னும் சில பேர் இதே தப்பைச் செய்துகொண்டிருக்கலாம் இல்லையா, அதனால்தான்.

பேங்கில் சேர்ந்தது 2005-இல். அன்றிலிருந்து இன்றுவரை ஐந்து ஊர். ஈரோடு, விஜயவாடா, நாக்பூர், ஹைதராபாத், 2023-இலிருந்து நவி மும்பை நெருல். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த அன்று ராத்திரி தங்கமணி கேட்கிற முதல் கேள்வி, "ஏங்க, அங்க தண்ணி எப்படி?" இரண்டாவது கேள்வி, "பரண் இருக்குமா?"

பரண் முக்கியம். அது இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தின் பாதி சொத்துக்குப் போக்கிடம் கிடையாது. கல்யாணத்துக்கு வந்த பதினொரு எவர்சில்வர் தூக்கு. மூடி ஒரு ஊரிலும் ஜாடி ஒரு ஊரிலும் உடைந்த ஊறுகாய் செட். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி (வாரண்டி இருக்கிற வரைக்கும் எறியக் கூடாது என்பது என் உத்தரவு, வாரண்டி 2014-லேயே முடிந்துவிட்டது). கவர், அதற்குள் கவர், அதற்குள் இன்னும் கவர். பேக்கர்ஸ் ஆட்கள் குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்துப் பேக் பண்ணிவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். விஜயவாடாவிலிருந்து நாக்பூர் போனபோது எங்களுக்கு அது நிஜமாகவே நடந்தது :-)

வீட்டை ஒழிப்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. வருஷா வருஷம் போகி என்று அதற்கு ஒரு நாளே ஒதுக்கி வைத்திருக்கிறோம். கிழிந்த பாயையும் பழைய துடைப்பத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டு, ஒழித்தாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொள்வோம். அப்புறம் மரி கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி வந்தார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார், மனசுக்குச் சந்தோஷம் தந்தால் வை, இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்றார். 2019-இல் அவருடைய நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில்கூட எல்லோரும் பீரோவை மடித்து அடுக்கிப் படம் போட்டார்கள். அதே மரி கோண்டோ, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, 2023-இல், இப்போதெல்லாம் என் வீடு முன்னைப்போல ஒழுங்காக இல்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது.

ஆனால் அவருடைய கேள்வி நமக்குச் சரிப்பட்டு வராது. நம் வீட்டுப் பரணில் இருக்கிற எதுவும் சந்தோஷத்துக்காக அங்கே போகவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றுதான் போனது. இதற்கு எங்கள் தொழிலில் வேறு ஒரு பெயர் உண்டு.

ஒரு கடனுக்கு வட்டியோ தவணையோ 90 நாளைக்கு மேல் வராமல் நின்றுவிட்டால் அது வாராக்கடன். 2004 மார்ச் முதல் இதுதான் கணக்கு. முதல் பன்னிரண்டு மாசம் தரம் குறைந்த சொத்து, அதற்கப்புறம் சந்தேகச் சொத்து, கடைசியில் நட்டச் சொத்து. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வங்கி தன் லாபத்திலிருந்து அதிகப் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அது வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து சில பேர் செய்கிற வேலைதான் எவர்கிரீனிங். பழைய கடனை அடைக்க அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கு பச்சைப்பசேல் என்று இருக்கிற மாதிரி காட்டுவது. ரிசர்வ் வங்கிக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் பெட்டியைத் திறக்காமலே, மேலே புது டேப் ஒட்டி, "புத்தகம் - ஜாக்கிரதை" என்று மார்க்கரில் எழுதி லாரியில் ஏற்றுகிறோமே, அது என்ன? அதுவும் எவர்கிரீனிங்தான்.

சரி, இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்.

தங்கமணி பி.எஸ்ஸி., பி.எட். கல்யாணத்துக்குப் பிறகு ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு விஜயவாடா ஆர்டர் வந்தது; ராஜினாமா. அங்கே ஒரு பள்ளிக்கூடம், எனக்கு நாக்பூர், ராஜினாமா. நாக்பூரில் ஒரு வருஷம் இந்தி கற்றுக்கொண்டு ஒரு இடத்தில் சேர்ந்தாள், ஹைதராபாத், மறுபடி ராஜினாமா. எனக்கு ஒவ்வொரு ஊரிலும் சீனியாரிட்டி கூடிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒவ்வொரு ஊரிலும் முதல் நாள். மூன்று ராஜினாமா கடிதங்களையும் அழகாக டைப் அடித்துக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

2021-இல், இரண்டாவது அலை சமயத்தில், ஹைதராபாதில் எங்கள் அடுக்ககத்தில் தனியாக மாட்டிக்கொண்ட இரண்டு தமிழ்ப் பையன்களுக்கு இட்லிப் பொடி இடித்துக் கொடுத்தாள். அவர்கள் இன்னும் நான்கு பேரிடம் சொன்னார்கள். அந்த நான்கு பேர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டார்கள். நெருலுக்கு வரும்போது அது ஒரு சின்ன வியாபாரமாகவே ஆகியிருந்தது. பெண் பத்தாவது படிக்கிறாள், இன்ஸ்டாகிராமுக்குப் படம் எடுத்துப் போடுவது அவள் வேலை. பையன் ஸ்டிக்கர் ஒட்டுவான், பாதி கோணலாக. என் வேலை? அறிவுரை.

2025 ஜூன் வாக்கில் நிலைமை இதுதான்: பதினான்கு வகைப் பொருள். சாப்பாட்டு மேஜை மேல் பவுச் கட்டு. கட்டிலுக்கு அடியில் மிளகாய் வத்தல். டிவி ஸ்டாண்டில் சீல் போடுகிற மெஷின். பெண்ணின் படிப்பு மேஜையில் கூரியர் பெட்டிகள். ஒருநாள் சட்டை எடுக்க பீரோவைத் திறந்தால் பெருங்காய வாசனை. அன்று ஆபீசில் ஒரு வாடிக்கையாளர் மூக்கை உறிஞ்சி, "சார், இன்னிக்கு வீட்ல சாம்பாரா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வந்து மேனேஜர் தோரணையில் உட்கார்ந்து பேசினேன். "ஒண்ணு, சரக்கைக் குறை. இல்லேன்னா முத்ரா லோன் எடுத்து கீழ ஒரு ரூம் வாடகைக்குப் பிடி. ரெண்டும் முடியலேன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வை. வீடு வீடா இருக்கணும்ல."

அவள் பவுச்சுக்கு சீல் போட்டபடியே சொன்னாள். "எனக்கு லோன் வேண்டாங்க. பரணைக் காலி பண்ணிக் குடுங்க, போதும்."

பரணில் என்ன இருந்தது? தூக்கும் ஜாடியும் பாதி. மீதிப் பாதி, நான்கு பெரிய பெட்டி, என்னுடையது. "புத்தகம் - ஜாக்கிரதை."

ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு இறக்கினேன். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக டேப்பைக் கிழித்தேன். உள்ளே என் சி.ஏ. புத்தகங்கள். பி.காம். முடித்ததும் சி.ஏ.வில் சேர்ந்து, ஒரு குரூப் தேறி, இன்னொரு குரூப்பில் மூன்று தடவை வழுக்கி, பேங்க் வேலை கிடைத்ததும் "சர்வீஸ்ல இருந்துக்கிட்டே முடிச்சிடலாம்" என்று கட்டி வைத்தவை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 1956-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம். அதன் இடத்துக்கு 2013-லேயே புதுச் சட்டம் வந்துவிட்டது. கலால் வரி, விற்பனை வரிப் புத்தகங்கள். அதில் பெரும்பகுதியை 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. விழுங்கிவிட்டது. மிச்சம் இருந்தது 1961-ஆம் வருஷ வருமான வரிச் சட்டம் ஒன்றுதான். அதற்கும் மாற்று மசோதா அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தது. 2025 ஆகஸ்டில் சட்டமாகிவிட்டது. ஆக, மூன்று மாநிலம் லாரி வாடகை கொடுத்து நான் காப்பாற்றி வந்தது செத்துப்போன சட்டங்களை.

நாலாவது பெட்டியில் பேங்க் டைரிகள். வருஷப் பிறப்பு அன்று இலக்குகளை எழுதிவைப்பது என் வழக்கம். 2008: சி.ஏ. முடிக்க வேண்டும், எடை 70 கிலோ. 2009: சி.ஏ., எடை 70, இந்தி. 2012: சி.ஏ., எடை 70. 2016-லும் சி.ஏ. இருக்கிறது. 2019-இல் "சி.ஏ. (யோசிக்கவும்)" என்று இருக்கிறது. ஒரே கடனைப் பதினொரு வருஷம் புதுப்பித்திருக்கிறேன். ஒரு ஆடிட்டர் பார்த்திருந்தால் என்னை சஸ்பெண்ட் செய்திருப்பார்.

அந்த டைரிகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எதிலுமே தங்கமணியின் இலக்கு என்று ஒரு வரி இல்லை. "குடும்பம்" என்ற தலைப்பில் எல்.ஐ.சி. பிரீமியமும் பெண்ணின் ஸ்கூல் ஃபீசும் இருந்தன. அவள் என்ன ஆக வேண்டும் என்று நினைத்தாள் என்பதற்கு அவ்வளவு டைரியில் ஒரு பக்கம் இல்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். வீட்டில் இடம் அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பழைய சாமான் இல்லை. ஒருத்தருடைய முடிந்துபோன ஆசை இன்னொருத்தருடைய உயிரோடு இருக்கிற ஆசையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் குடும்பங்களில் உத்தியோகம் பெரும்பாலும் கணவனுக்கு என்பதால் பெட்டி கணவனுடையதாகவும், நெருக்கடி மனைவியுடையதாகவும் இருக்கும். ஒழிக்க உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்த இடம் இப்போது யாருக்குத் தேவை என்பது.

எல்லாவற்றையும் எறியச் சொல்லவில்லை. அப்பா எனக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் முப்பது சொச்சம் அதே பெட்டியில் இருந்தன. அவை பீரோவுக்கு வந்துவிட்டன. அவற்றிடம் நான் எந்தத் தவணையையும் எதிர்பார்க்கவில்லை. அதனால் அவை வாராக்கடன் ஆகாது.

பரண் காலியான பிறகுதான் அவளுடைய வியாபாரத்தையும் ஒரு தடவை ஒழித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். இந்தத் தடவை மேனேஜராக இல்லை, கணக்குப்பிள்ளையாக. வீட்டிலிருந்து ஆன்லைனில் பொடி, ஊறுகாய், நகை, ஜாக்கெட் என்று எதை விற்கிறவர்களுக்கும் இது உதவலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

1. பொருளை ஒழித்தது

ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாச விற்பனை ரூ.1,86,000. அதில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தக்குழம்பு மிக்ஸ் மூன்றும் சேர்ந்து ரூ.1,41,000. மீதிப் பதினோரு பொருளும் சேர்ந்து கால் பங்குகூட இல்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்ததில் முக்கால் பங்கு அந்தப் பதினோரு பொருளுக்கான சாமான்.

கால் கிலோ இட்லிப் பொடி ரூ.150. சாமான் 58, பவுச் ஸ்டிக்கர் 9, கேஸ் கரண்ட் 6. கையில் நிற்பது 77. கூரியர் தனி. முறுக்கு கால் கிலோ ரூ.130. சாமானும் எண்ணெயும் 62, பாக்கெட் 9, நொறுங்காமல் இருக்க அட்டைப்பெட்டியும் சுற்றுத்தாளும் 18. பார்த்தால் 41 ரூபாய் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஆறு பாக்கெட் போனால் ஒன்று பொடிப்பொடியாகப் போய்ச் சேரும், பணத்தைத் திருப்பித் தருவாள். அப்போது ஆறு பாக்கெட்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது 116 ரூபாய், பாக்கெட்டுக்கு 19. அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வேக வேண்டும்.

"ஆனா முறுக்குப் படம் போட்டாத்தான்மா லைக் நிறைய வருது" என்றாள் பெண். அதுதான் சிக்கலே. லைக் எதற்கு வருகிறதோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்டர் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைக் கவனிக்கவில்லை. ஃபாலோயர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஜூன் மாச ஆர்டர் 41. அந்த 41-இல் 29, ஏற்கெனவே வாங்கியவர்கள். வியாபாரத்தின் உயிர் அந்த 29-இல் இருக்கிறது. முறுக்கை நிறுத்தினோம். பதினான்கு நான்கானது. நாலாவது, கறிவேப்பிலைப் பொடி. லாபம் குறைவுதான், அவளுக்குப் பிடித்தது என்பதால் இருக்கட்டும் என்றாள். சரி என்று தலையாட்டினேன். முதலாளி அவள்.

மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது லிஜ்ஜத் பப்பட் கதை ஞாபகம் வராமல் இருக்காது. 1959-இல் கிர்காவில் ஒரு மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, முதல் நாள் செய்தது நான்கு பாக்கெட் அப்பளம். அதே அப்பளம்தான் இன்றைக்கும் அவர்களுடைய முகம். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒரே பொருளை முகமாக வைத்துக்கொண்டும் பெரிதாகலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

2. பணத்தை ஒழித்தது

இதில் குற்றவாளி நானேதான். பொடிக்கு வருகிற யுபிஐ பணம் எல்லாம் எங்கள் இரண்டு பேருடைய கூட்டு சேவிங்ஸ் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்தே பால், ஸ்கூல் பஸ், என் கார் இன்சூரன்ஸ். மாசக் கடைசியில் மீதி குறைவாக இருந்தால், "பொடி விக்கிறதுல என்ன பெரிசா வருது" என்று ஒரு வார்த்தை வேறு. அந்த மாசம் கார் இன்சூரன்ஸைக் கட்டியதே பொடிதான் என்று இப்போது ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் தெரிகிறது.

பேங்க்காரனாக ஒன்று சொல்கிறேன். உங்கள் வியாபாரத்தின் பணம் வீட்டுக் கணக்கில் கலந்தால் அந்த வியாபாரம் யார் கண்ணுக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது, நாளைக்கு நீங்கள் கடன் கேட்டு வரும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற என் போன்ற ஆளுக்கும் தெரியாது. சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் கணக்குப் போடும்போது, ஒரு வருஷத்தில் எதிர்பார்க்கிற விற்பனையில் 20 சதவீதம் என்று பார்ப்பது நாயக் கமிட்டி காலத்திலிருந்து இருக்கிற முறை. அந்த விற்பனைக்குச் சாட்சி உங்கள் கணக்கில் வரவு வருகிற பணம். தங்கமணியின் விற்பனைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் எழுபதாயிரத்துச் சொச்சம் வரும். தனிக் கணக்கு இல்லாததால் எந்த மேனேஜரும் அதைப் பார்த்திருக்க முடியாது. சொந்த மனைவியின் கடனை நானே சாங்ஷன் பண்ணவும் முடியாது :-)

அதனால் அவள் பெயரில் தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதற்குத் தனி க்யூஆர் கோடு. உத்யம் பதிவு, 2020 ஜூலையிலிருந்து இருப்பது, ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனில் இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அசல் இல்லை. முத்ரா 2015-இலிருந்து இருக்கிறது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை, ஜாமீன் சொத்து இல்லாமல். அவளுக்கு இப்போதைக்கு வேண்டாமாம். வேண்டும் என்கிற அன்று காகிதம் தயாராக இருக்கும்.

3. பயத்தை ஒழித்தது

உணவுப் பொருள் விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், வீட்டு அடுப்படியில் செய்தாலும் சரி. அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அதை அவள் முன்பே செய்திருந்தாள். நான் கோட்டை விட்டது ஜி.எஸ்.டி.யில்.

பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு விற்பனை வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டாத வரை பதிவு வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அதுதான் தெரியும். ஆனால் அது மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவர்களுக்கு. வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி விற்றால், கைவினைப் பொருள் மாதிரி சில விலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நாங்களோ நெருலில் இடித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். பி.காம்., சி.ஏ. பாதி, பேங்கில் அத்தனை வருஷம்; எனக்கே இது உறைக்க வெகுநாள் ஆயிற்று. பதிவு செய்தோம். ஒன்றும் விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பயந்துகொண்டு "தெரிஞ்சவங்களுக்கு மட்டும்" என்று ஒளித்து விற்றதில்தான் அவளுக்கு ராத்தூக்கம் கெட்டிருந்தது. அந்தப் பாரம் இறங்கியது எந்தப் பெட்டியை இறக்கியதையும்விடப் பெரிய ஒழிப்பு.

இதைச் செய்தால் மாசம் லட்சம் வருமா என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் அவள் ஏற்கெனவே 2,999 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பு படித்தாள். முதல் நாள் அவர்கள் சொன்னது, பெரிய கனவு காணுங்கள். இரண்டாம் நாள் சொன்னது, அடுத்த வகுப்புக்கு 14,999. ஜூலை முதல் டிசம்பர் வரை விற்பனை ரூ.2,31,000. முந்தின ஆறு மாசத்தைவிடக் கால் பங்கு அதிகம். அதிலும் தீபாவளி இருக்கிறது, அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்திருக்கிறது. பெண்ணின் மேஜை திரும்பி வந்திருக்கிறது. என் சட்டையில் பெருங்காய வாசனை இல்லை.

ஏன் இதை நம் குடும்பங்களுக்கு என்று சொல்கிறேன் என்றால், டிரான்ஸ்ஃபரில் கூடவே வருகிற வேலை மிகச் சில. பள்ளிக்கூட வேலை வராது. சொந்தக் கடை வராது. ஃபோனில் இருக்கிற அந்த 29 வாடிக்கையாளர்கள் வருவார்கள். ஊர் மாறினால் காகித வேலை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வீட்டு முகவரிக்கு உரியது, புது வீட்டுக்கு மறுபடி வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. மாநிலத்துக்கு மாநிலம் தனி. மகாராஷ்டிர எண் 27 என்று ஆரம்பிக்கும், தமிழ்நாட்டு எண் 33. மாநிலம் மாறினால் புதுசு வாங்கிப் பழையதை மூட வேண்டும். உத்யமில் முகவரியைத் திருத்தினால் போதும். ஒரு வார அலைச்சல். நாலாவது ராஜினாமா கடிதத்தை டைப் அடிப்பதைவிட இந்த அலைச்சல் எனக்குச் சம்மதம்.

ஆகவே மக்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். டேப்பைக் கிழிக்காமல் மூன்று ஊர் வந்த பெட்டி எது என்று பாருங்கள். அது யாருடையது, அதிலிருந்து இனி ஏதாவது வருமா என்று உங்களையே கேளுங்கள். வராது என்றால் தள்ளுபடி செய்யுங்கள். தள்ளுபடி செய்கிற அன்று கொஞ்சம் வலிக்கும். மறுநாள் பாலன்ஸ் ஷீட் உண்மையைப் பேசும்.

சி.ஏ. புத்தகங்களும் டைரிகளும் 61 கிலோ இருந்தன. பழைய பேப்பர்காரர் கிலோ 14 ரூபாய் என்று 854 ரூபாய் கொடுத்தார். தங்கமணியிடம் நீட்டினேன், மூலதனமாக வைத்துக்கொள் என்று. வாங்கிக்கொண்டு தன் கணக்கு நோட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "ரங்கமணியிடம் கைமாத்து - 854."

கைமாத்தாம். ஆக, திருப்பித் தர வேண்டிய பணம். 90 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. நான் கேட்கப் போவதில்லை.

நெருலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. அடுத்த ஆர்டர் எந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வரலாம். அவள் தண்ணீரைப் பற்றிக் கேட்பாள், பரணைப் பற்றிக் கேட்பாள். இப்போதே மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறாள்: "ஏங்க, அங்க கூரியர்க்காரங்க வீட்டுக்கு வந்து எடுப்பாங்களா?"

விசாரித்து வைக்க வேண்டும்.